பின்சீட்டில் பிரேக் கிடையாது

ஒரு சின்ன விமானத்தில் மொத்தமே நான்கு சீட். அந்த நான்குக்கும் உறை தைக்க ஏழு வியாழக்கிழமைகள் அளவெடுக்க வேண்டுமா? இந்தக் கேள்வி பிரேக் மாஸ்டரின் மூளைக்கு ஏழாவது வாரம்தான் எட்டியது. எட்டியதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விமானப் பயிற்சி கிளப்புக்குப் போய்ப் பார்த்தார். அளவெடுக்கப் போன மனைவி அவர் தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தாள்.

குட்டு வெளிப்பட்டு இன்றோடு ஒரு வாரம். வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது மாஸ்டருக்கு. அவள் பாட்டுக்குத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அவர் பாட்டுக்குப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். "அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க", "அப்பா பசிக்கலைங்கறார்" என்று நடுவில் மகள்தான் தபால்காரர் வேலை பார்த்தாள்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "முதல்ல நிக்கக் கத்துக்க, அப்புறம் போகலாம்" என்று முதல் நாள் முழுக்கப் பிரேக்கையே மிதிக்க வைப்பார். அதனால் வந்த பெயர்தான் பிரேக் மாஸ்டர். அவருடைய காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் தடுமாறினால் இவர் சத்தமில்லாமல் அதை மிதிப்பார். அந்தப் பக்கத்துப் பெடலும் கூடவே இறங்கும். நாமே நிறுத்திவிட்டோம் என்று மாணவர் சந்தோஷப்பட்டுக்கொள்வார். இவரும் சொல்லமாட்டார்.

ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் கட்டிய மனைவிக்குக் கற்றுக்கொடுத்தது மூன்றே மூன்று பாடம். மூன்றாவதோடு அந்த விஷயம் முடிந்துபோனது. இருபத்தொரு வருடமாக அவள் காரில் முன்சீட்டில்கூட உட்கார்ந்ததில்லை. ஏறினால் பின்சீட்டின் ஓரம், கையில் பை, ஜன்னல் பக்கம் முகம்.

அப்படிப்பட்டவள் எப்படி விமானம் ஓட்டப் போனாள் என்று கேட்டால், அதற்கும் தையல்தான் காரணம். மகள் அந்தக் கிளப்பின் ஆபீசில் வேலை பார்க்கிறாள். எந்த விமானம் எத்தனை மணிக்கு, யார் ஓட்டுவது என்று எழுதி வைக்கிற வேலை. சீட் உறைகள் கிழிந்துபோனபோது அம்மாவைக் கூப்பிட்டாள். வந்தவள் இடதுபக்க முன்சீட்டில் உட்கார்ந்து டேப்பைப் பிடித்தபோது, கற்றுக்கொடுக்கும் பெண் எட்டிப் பார்த்து, "ஒரு சுத்து போலாமாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். டேப் மடியிலேயே கிடக்க, அம்மா தலையாட்டியிருக்கிறாள்.

அந்தப் பெண்ணை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முப்பது வயதுகூட இருக்காது. கிராப் வெட்டிய தலை, கறாரான கண்.

"பின்சீட்டில ஒரு ஆள் உட்காரலாம்பா. நீங்களே ஒரு தடவை வந்து பாருங்க" என்று நேற்று மகள்தான் பேச்சை எடுத்தாள். மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்துச் சொன்னாள்.

"வரட்டும். ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

அதனால்தான் இன்று காலை ஆறரை மணிக்கு மாஸ்டர் புல்தரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காலையில்தான் காற்று அடங்கியிருக்குமாம். மனைவி ஒரு அட்டையைப் பார்த்துப் பார்த்து விமானத்தைச் சுற்றி வந்தாள். சக்கரத்தை அமுக்கினாள். எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தாள். இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தன் மாணவர்கள் ஒருவர்கூட வண்டியை இப்படிப் பார்த்ததில்லை என்று மாஸ்டருக்குப் பட்டது. சொல்லியிருப்பார். வாயைத் திறக்கக் கூடாதே.

அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நீலத் துணி, ஓரத்தில் இரட்டைத் தையல், எங்கேயும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. தினமும் எட்டு மணி நேரம் அந்த மெஷின் பெடலை மிதிக்கிற காலல்லவா.

கேப்டன் அவருக்கு ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டாள். வாய்க்கு நேரே மைக் வந்து நின்றது. பேச வேண்டாமென்றால் மைக்கை மேலே தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று காட்டிக்கொடுத்தாள். மாஸ்டர் நல்ல பிள்ளையாகத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இங்க ஒரு பழக்கம் சார். யார் கையில பிளேன் இருக்குங்கறதை எப்பவும் வாய்விட்டுச் சொல்லிடுவோம். நான் வாங்கறதா இருந்தா 'என்கிட்ட'ன்னு சொல்வேன். அக்கா 'உங்ககிட்ட'ன்னு சொல்வாங்க. நான் மறுபடி 'என்கிட்ட'ன்னு சொல்வேன். சொல்லாம யாரும் எதையும் தொட மாட்டோம்."

எதற்கு மூன்று தடவை என்று மாஸ்டர் விரலால் கேட்டார்.

"அப்புறம் யார் செஞ்சதுன்னு சண்டை வரக்கூடாது பாருங்க" என்று கேப்டன் சிரித்தாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

விமானம் தரையில் போகும்போது அதைக் காலால்தான் திருப்ப வேண்டும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. கையிலிருக்கிற ஸ்டியரிங் மாதிரியான சாமான் தரையில் உப்புக்குச் சப்பாணிதான். இடது பெடலை அமுக்கினால் மூக்கு இடப்பக்கம், வலதை அமுக்கினால் வலப்பக்கம். மனைவி மஞ்சள் கோட்டின் மேல் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போனாள். அவர் வலது கால் தன்பாட்டுக்குத் தரையை அமுக்கியது. அங்கே பிரேக் கிடையாது.

மேலே போனதும் எல்லாம் வேறு மாதிரி ஆனது. மனைவியின் கை ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்திருந்தது. தோள் இறங்கி இருந்தது. கேப்டன் சொன்ன உயரத்தில் நிறுத்தினாள், சொன்ன பக்கம் திருப்பினாள். கீழே ஊரின் தெருக்கள் கோடு போட்ட துணி மாதிரி தெரிந்தன. திரும்பும்போது ஒரு நொடி அவள் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. அந்த முகத்தை மாஸ்டர் ரொம்ப வருடமாகப் பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

இறங்கும்போதுதான் வினை. ஓடுபாதை நெருங்க நெருங்க, அவள் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். பக்கக் காற்று மூக்கைத் தள்ளியது. "வலது கால், அக்கா. கால்" என்றாள் கேப்டன். கால் வரவில்லை. "என்கிட்ட" என்றாள் கேப்டன். "உங்ககிட்ட" என்றாள் மனைவி. "என்கிட்ட." விமானம் நேரானது, சக்கரம் தொட்டது.

இரண்டாவது தடவையும் அதே கதை.

கேப்டன் ஓடுபாதையை விட்டு வெளியே வந்து, ஒரு ஓரமாக நிறுத்தினாள். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கோபமில்லாமல்தான் கேட்டாள். மேலே போனால் எல்லாம் சரியாகச் செய்கிறீர்கள், தரையைப் பார்த்ததும் காலுக்கு என்ன ஆகிறது என்று கேட்டாள். இது சரியானால்தான் தனியாக அனுப்புவது பற்றி யோசிக்கவே முடியும் என்றும் சொன்னாள்.

மனைவி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு பேசினாள். ஹெட்போன் வழியாக அந்தக் குரல் மாஸ்டரின் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசியது.

"என் காலை நம்ப முடியாது, கேப்டன். ஒரு தடவை கார் ஓட்டப் பழகினேன். நாலு ரோடு சேர்ற இடம். நல்லாத்தான் திரும்பிட்டிருந்தேன். லாரி ஒண்ணு வந்துச்சு. ஆனா தூரத்துல இருந்துச்சு, தாண்டிடலாம்னு தெரியும். ஆக்ஸிலேட்டர் மேல கால் இருக்குன்னுதான் நெனச்சேன். அது பிரேக்கை மிதிச்சிருக்கு. நடுரோட்டில வண்டி நின்னுபோய், பின்னால வந்த வேன் இடிச்சிடுச்சு. பின்சீட்ல என் பொண்ணு நின்னுட்டிருந்தா. அஞ்சு வயசு. முகவாயில ஏழு தையல்."

கேப்டன் எஞ்சினின் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.

"என் கால் எங்க இருக்குன்னு எனக்கே நிச்சயமாத் தெரியாது. அதான் கீழ வரும்போது இழுத்துக்கறேன். மேல இடிக்க ஒண்ணும் இல்ல. கீழ ஆள் இருக்காங்க."

மாஸ்டரின் கை மைக் பக்கம் போய்ப் பாதியில் நின்றது.

ஏனென்றால் அன்றைக்கு அவள் எதையும் மிதிக்கவில்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி. லாரி தூரத்தில்தான் வந்தது. தாண்டியிருக்கலாம். பயந்துபோனது மாஸ்டர்தான். தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தது அவருடைய கால்தான். இடித்த சத்தம் அடங்குவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஸ்கூல் திறந்து மூன்றே மாதம். காரின் தலையில் அவருடைய பெயர்ப்பலகை. அத்தனை பேர் முன்னால், "எங்க பாத்து பிரேக்கை மிதிச்ச?" என்று மனைவியைக் கேட்டுவிட்டார். யோசித்துக் கேட்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

ஆனால் ஆஸ்பத்திரியில் யோசிக்க நேரம் இருந்தது. குழந்தைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் தன் கால்களையே பார்த்துக்கொண்டு, "நானா மிதிச்சேன்?" என்று கேட்டாள்.

"வேற யாரு?" என்றார் மாஸ்டர்.

அந்த இரண்டு வார்த்தையை எத்தனையோ தடவை திரும்ப வாங்கிவிட நினைத்திருக்கிறார். ஸ்கூல் கொஞ்சம் நிலைக்கட்டும் என்று முதலில் தள்ளிப்போட்டார். ஸ்கூல் நிலைத்தது. மகள் படிப்பை முடிக்கட்டும் என்றார். மகள் முடித்தாள். அதற்கப்புறம், அவளே மறந்திருப்பாள், ஆறிய புண்ணை எதற்குக் கிளறுவது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். அவள் மறக்கவில்லை. அதை வானம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

மாஸ்டர் மைக்கைக் கீழே இழுத்து வாய்க்கு நேரே வைத்தார்.

"அது நீ இல்ல."

முன்சீட்டில் இரண்டு தலையும் அசையவில்லை.

"பிரேக்கை மிதிச்சது நான். என் பக்கத்துப் பிரேக். உன் கால் சரியாத்தான் இருந்துச்சு. அப்பவே எனக்குத் தெரியும்."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மனைவியின் பின்கழுத்து மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தார். அழுவாள் என்று காத்திருந்தார். அவள் கேப்டனிடம்தான் பேசினாள்.

"திருப்பிக் கொண்டுபோய் நிறுத்துவோம், கேப்டன். அவர் இறங்கணும்."

கிளப்பின் முன்னால் வந்து எஞ்சினை அணைத்தார்கள். மூக்கிலிருந்த விசிறி நின்ற பிறகுதான் கேப்டன் கதவைத் திறக்கவிட்டாள். முன்சீட்டை மடக்கினால்தான் பின்னாலிருப்பவர் இறங்க முடியும் என்பதால் மனைவியும் இறங்க வேண்டியிருந்தது. கேப்டன் உள்ளேயே உட்கார்ந்து எதையோ எழுதுகிற மாதிரி பாவனை செய்தாள்.

இறக்கைக்கு அடியில் கணவனும் மனைவியும் நின்றார்கள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில நான் கேட்டேனே."

"கேட்ட."

"என்ன சொன்னீங்க?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "வேற யாருன்னு சொன்னேன்."

"நம்ம பொண்ணுக்குத் தலை வாரும்போதெல்லாம் கண்ணாடியில அந்தத் தையல் கோட்டைத்தான் பாப்பேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஒரு நாள் விடாம."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். அதற்கு மட்டும்தான் அவரிடம் பதில் இருந்தது. பெயர்ப்பலகை, மூன்று மாதம், கூட்டம் என்று இருபத்தொரு வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்த பதில். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"எனக்குச் சொல்லிட்டீங்க. அவளுக்கும் சொல்லணும். நான் இன்னொரு சுத்து போயிட்டு வரேன், ஏழு நிமிஷம். நான் இறங்கி வரும்போது அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"இங்கேயா? வீட்டுக்குப் போய்..."

"இங்கதான். வீட்டில உங்களுக்கு நிறைய நேரம் இருந்துச்சு."

அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள் இரண்டு கப் டீயோடு வேலியோரம் வந்து நின்றாள். அப்பா ஏன் இறங்கிவிட்டார் என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் புரட்டியிருக்கும் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். எல்லோருக்கும் முதல் தடவை அப்படித்தானாம். மாஸ்டர் டீயை வாங்கிக்கொண்டார். சுடுவதுகூடத் தெரியவில்லை.

விமானம் ஓடி, எழும்பி, இடப்பக்கம் திரும்பியது.

"பாப்பா" என்றார் மாஸ்டர்.

"ம்?"

"டீ நல்லா இருக்கு."

இருபத்தாறு வயதானாலும் வீட்டில் அவள் பாப்பாதான். வெயில் பட்டு முகவாயில் அந்த வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அதை மறைக்கப் பள்ளிக்கூட நாட்களில் முகவாயில் கையை வைத்துக்கொண்டே பேசுவாள். இப்போது மறைப்பதில்லை.

"அம்மாவுக்கு எல்லாம் வந்துடுச்சுப்பா. கால் ஒண்ணுதான் வரலை" என்றாள். "எனக்கு ஏன்னு தெரியும். பத்தாவது படிக்கும்போது ஒரு தடவை கத்தினேன், ஞாபகம் இருக்கா? கிளாஸ்ல எவனோ கிண்டல் பண்ணினான்னு வந்து அம்மாகிட்ட, உன்னாலதான் என் மூஞ்சி இப்படி ஆச்சுன்னு கத்தினேன். அம்மா ஒண்ணுமே சொல்லலை. மெஷின்ல போய் உக்காந்துட்டாங்க. அதை நெனச்சா இப்பவும் எனக்கு எப்படியோ இருக்கு."

மாஸ்டருக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கத்தலும் கேட்டது, பிறகு மெஷின் ஓடுகிற சத்தமும் கேட்டது. பக்கத்தைத் திருப்பினார். வாழ்க்கையில் செய்த எத்தனையோ தப்புக்குச் சாக்கு வைத்திருந்த மனுஷன், அந்தப் பக்கத்தைத் திருப்பியதற்கு மட்டும் ஒரு சாக்கும் இல்லாமல் நின்றார்.

விமானம் தூரத்தில் சின்னதாகி, மறுபடி திரும்பி, ஓடுபாதைக்கு நேரே வந்தது. ஏழு நிமிடத்தில் ஆறு போய்விட்டது. மாஸ்டர் மூன்று தடவை வாயைத் திறந்து மூன்று தடவையும் டீயைக் குடித்திருந்தார். கப்பில் டீ தீர்ந்துபோனது.

"காத்து அடிக்குது. இப்போ மூக்கு ஆடும் பாருங்க" என்றாள் மகள், வேலியைப் பிடித்துக்கொண்டு.

மூக்கு கொஞ்சம் விலகியது. உடனே நேரானது. மறுபடி விலகப் பார்த்தது. மறுபடி நேரானது. சக்கரங்கள் கோட்டின் நடுவில் தொட்டன, ஒரு துள்ளல்கூட இல்லை. இறங்கிய பிறகும் மஞ்சள் கோட்டை விட்டு ஒரு சாண் நகராமல், தையல் போட்ட மாதிரி நேராக வந்தது.

"கால் வந்துடுச்சுப்பா" என்றாள் மகள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "எட்டு வாரமா கேப்டன் சொல்லி வராதது. கீழ இறங்கி நின்னு நீங்க ஏதோ பேசிட்டிருந்தீங்களே, அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

விசிறி நின்றது. கதவு திறந்தது. மனைவி இறங்கி, ஹெட்போனைக் கையில் பிடித்துக்கொண்டு, புல்தரையில் நடந்து வந்தாள்.

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தார். காலைத் தளர்த்தினார்.

"பாப்பா, அன்னிக்கு அந்த நாலு ரோட்டில, பிரேக்கை மிதிச்சது உங்கம்மா இல்ல."

மகளின் கை மெல்ல முகவாய்க்குப் போனது. எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் போனது. பாதி வழியில் மனைவி நின்றுவிட்டாள்.

"அம்மா இல்லையா?" என்றாள் மகள், ஒன்றும் புரியாமல். "வேற யாரு?"